பரணை இறக்கலாம் வாங்க: ரிட்டயர் ஆனவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாக ரசம் வைத்த ஈயச்சொம்பு, மருமகள் கைக்குப் போன பத்தாவது நாள் கேஸ் அடுப்பின் மேல் உருகி ஒழுகிவிட்டது. அவள் மேல் தப்பே இல்லை. மற்ற பாத்திரங்களைப் போலவே வெறுமனே அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள், சூடானதும் புளித்தண்ணீர் ஊற்றலாம் என்று அந்தப் பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கேஸ் தீக்கு அது பெரிய காரியமே இல்லை. போன் பண்ணி, "மாமா, சொம்புல முன்னாடியே ஓட்டை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அந்தச் சொம்பு எங்கள் பரம்பரைச் சொத்தும் கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் போர்ஷன் வீட்டில் இருந்தபோது பக்கத்துப் போர்ஷன் மாமி காலி செய்துகொண்டு மாம்பலம் போனார், போகும்போது எங்கம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனது. கொடுக்கும்போதே, "முதல்ல புளித்தண்ணி, அப்புறம்தான் அடுப்பு, மறந்துடாதே" என்று சொல்லிக் கொடுத்தார். அம்மா கடைசிவரை மறக்கவில்லை. நான்தான் மருமகளுக்குச் சொம்பை மட்டும் ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு வரியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்த முழு வழிகாட்டியும். பழைய சாமானை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் புழங்கும் விதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் கொடுத்த பொருள் ஒன்று உடையும், இல்லை இன்னொரு பரணில் ஏறும், இல்லை காயலான் கடைக்குப் போகும். நீங்கள் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதுதான் அதைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பதால், இதை ரிட்டயர் ஆன முதல் ஐந்தாறு வருஷத்துக்குள் செய்வது நல்லது. நான் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து 2019ல் வெளியே வந்தவன். அதே வருஷம்தான் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது, தினமும் வேலைக்குப் போகும் தேவை தீர்ந்த பிறகு வாசலுக்கு ரயில் வந்தது, என் ராசி அப்படி.

எப்போது ஆரம்பிப்பது

பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பியுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை இருக்காது, வெயிலும் கொல்லாது, இறக்கிய சாமானை மொட்டைமாடியில் காயப்போடலாம். போகிக்கு முன்னால் ஆரம்பித்தால் ஒரு ஆபத்து உண்டு, தெருப் பையன்கள் மேளம் அடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள், அவசரத்தில் எதையாவது தூக்கி நெருப்பில் போட்டுவிடுவோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய பாயோடு பாயாக வீட்டுப் பத்திரம் வைத்திருந்த துணிப்பையும் போய்விட்டது. தவிர டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகையில் மறுநாள் காலை எதிர்வீடு தெரியாது, விமானங்கள் தாமதமான வருஷங்களும் உண்டு. பாயை எரிப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் மாதத்துக்கு என்று தள்ளிப்போடவே வேண்டாம். 2015 வெள்ளத்திலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, வட சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய், கல்யாணப் பத்திரிகை, கடுதாசி எல்லாம் ஒரே கூழாகிவிட்டன. ஆகவே பரணுக்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது கட்டிலுக்கு அடியில்தான். காகிதமும் போட்டோவும் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே போகட்டும்.

வேகம் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு பொருள். ஒரு மூட்டை இல்லை, ஒரு பொருள். காலை டிபன் முடிந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு எழுந்துவிட வேண்டும். பிள்ளைகள் சனி, ஞாயிறு வந்து, "ஒரே நாள்ல முடிச்சிடலாம்பா" என்பார்கள், விடாதீர்கள். அவர்களுக்கு அது குப்பை அள்ளும் வேலை, நமக்கு அது ஒரு வருஷத்துப் பொழுதுபோக்கு. ஒரு பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்து, அதில் பெயர் வெட்டியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்து, அது யார் யாருக்குக் கொடுத்தது என்று மனைவியோடு அரைமணி நேரம் சண்டை போடுவதெல்லாம் ஒரே நாளில் முடிகிற விஷயமா?

ஏறாதீர்கள்

பரணுக்கு நீங்கள் ஏறக் கூடாது. இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். 60 வயதுக்கு மேல் ஸ்டூல் போட்டு ஏறி இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர், அதில் ஒருவர் ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் ஏணியிலேயே நின்றவர். பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனைக் கூப்பிடுங்கள், சும்மா கூப்பிடாமல் கூலி பேசிக் கூப்பிடுங்கள், கையில் ஒரு பன் பட்டர் ஜாமும் கொடுங்கள். அவன் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளட்டும், எலிப் புழுக்கை இருக்கும், தேளும் இருக்கலாம். கையை விடும் முன் ஒரு குச்சியால் தட்டச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டு, நாலு மூலை

கடைக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். என்ன பொருள், யாரிடமிருந்து வந்தது, எப்படிப் புழங்க வேண்டும், என்ன செய்யக் கூடாது, யாருக்குப் போகிறது. "என்ன செய்யக் கூடாது" என்ற வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், என் ஈயச்சொம்பு அப்படித்தான் போனது.

இறக்கிய சாமானுக்கு அறையில் நாலு மூலை. ஒன்று, நாங்களே இன்னும் புழங்குவது. இரண்டு, யாருக்கென்று ஏற்கெனவே தெரிந்தது. மூன்று, நல்ல பொருள்தான், ஆள்தான் தெரியவில்லை. நாலு, காயலான் கடை. மூன்றாவது மூலை மலைபோல் வளரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பொருள் அங்கே ஆறு மாதம் இருந்து, யாரும் கேட்கவும் இல்லை, உங்களுக்கு நினைவும் வரவில்லை என்றால் அது தானாகவே நாலாவது மூலைக்கு நடந்துவிடும்.

நாள் கிழமை விஷயத்தில் வீட்டம்மா சொல்வதைக் கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எதுவும் வெளியே போகாது, விளக்கு வைத்த பிறகு எதுவும் போகாது, சனிக்கிழமை இரும்பு உள்ளே வராது என்பதால் யாருக்கும் கொடுக்கவும் கூடாதாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் வாங்குகிறவர்களுக்கு இருக்கும். மனக்குறையோடு ஒருவர் வாங்கிப் போனால் அந்தப் பொருள் புழக்கத்துக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாருக்கும் ஒத்துவருகிறது.

பிள்ளைகளிடம் கேட்பது எப்படி

போனில், "இது வேணுமா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான், "வேண்டாம்பா, இடமில்லை." வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாலும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கேட்காதீர்கள், புழங்கிக் காட்டுங்கள்.

என் மகள் அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அம்மியைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிரிப்பாள். ஒரு ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போய் சங்கரா மீன் வாங்கி வந்தேன், என் மனைவி அந்தச் சின்ன அம்மியிலேயே மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம் எல்லாம் அரைத்துக் குழம்பு வைத்தாள். மத்தியானம் சாப்பிட்டு, சாயந்தரமும் அதே குழம்பைச் சாப்பிட்டு, கிளம்பும்போது, "அந்தச் சின்ன அம்மி எவ்வளவு வெயிட் இருக்கும்?" என்றாள். ஆட்டோவில் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்: கீழே சாக்கை நாலாக மடித்துப் போடு, இல்லாவிட்டால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார், வழவழப்பாகிவிட்டால் அரைபடாது, கொத்த வேண்டும், கொத்தின பிறகு முதல் இரண்டு தடவை பழைய சோற்றையோ அரிசியையோ அரைத்துக் கொட்டிவிடு, கல்துகள் போய்விடும்.

ஆட்டுக்கல் வேறு கதை. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், வாங்கிக்கொள்ளத் தரைவீடு உள்ளவர் வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் மாடியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காக்காய் வரும், ஆனால் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

இரண்டு பேர் ஒரே பொருளைக் கேட்டால்? குத்துவிளக்கில்தான் இது வரும். ஜோடியைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுக்கும் யோசனை எல்லாருக்கும் வரும், இரண்டு வீட்டிலும் ஒற்றை விளக்குதான் நிற்கும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், வராதவருக்கு அதே மதிப்பில் வேறொன்று. குலுக்குவது பேரன் பேத்தியாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொரு பொருளாக

பித்தளையும் வெண்கலமும். இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். தட்டிப் பாருங்கள், வெண்கலம் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும், பித்தளை அவ்வளவு நேரம் நிற்காது. பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிப்பு எதையும் சமைக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது, களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும். ஆகவே சமையலுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஈயம் பூசியே கொடுங்கள். இப்போது தெருவில் கூவிக்கொண்டு வருகிற ஆள் குறைவு, பாத்திரக் கடைகளில் கேட்டால் சொல்வார்கள். கரி அடுப்பில் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, குப்பென்று வெள்ளைப் புகை வரும்போது வெள்ளீயத்தை உரசித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார், கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கிட்ட நின்று பாருங்கள், ஆனால் அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள்.

சீர் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். எடைக்குப் போட்டால் அந்தப் பெயரும் எடையோடு போய்விடும். என் யோசனை, பெயர் வெட்டின பாத்திரம் அந்தப் பெயருக்குரியவரின் வழியில் யாருக்காவதுதான் போக வேண்டும். எங்கம்மாவின் தங்கை பெயர் வெட்டின ஒரு தவலை எப்படியோ எங்கள் வீட்டில் இருந்தது. சித்தியின் பேத்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் முதலில் பார்த்தது விலையை இல்லை, எழுத்தைத்தான். அந்தக் காலத்து "லை" போட்டிருக்கிறார்கள், துதிக்கை தூக்கின மாதிரி.

தையல் மிஷின். காலால் மிதிக்கும் பழைய மிஷினுக்கு இன்னும் மரியாதை உண்டு. எம்.சி. ரோடு துணிக்கடைகளைச் சுற்றி ஃபால்ஸ் அடிக்கிறவர்கள், ஓரம் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர், வீட்டிலேயே தைக்கும் பெண்களும் அதிகம். எங்கள் மிஷின் இரண்டு தெரு தள்ளித் தையல் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணுக்குப் போனது. கொடுக்கும் முன் எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பாபின் எல்லாம் எண்ணிப் போட்டேன். ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டு ஒட்டினேன், சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் சிக்கிவிடும். இரண்டு காலையும் ஒன்றாக மிதிக்கும் தாளம் வரும்வரை ஒரு வாரம் என் மனைவி போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நாலாவது நாளே, "அத்தை, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு" என்று அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். மிஷினைக் கொடுத்ததில் எங்களுக்குக் கிடைத்தது இதுதான், இப்போது வாரம் ஒருமுறையாவது வருகிறாள்.

இஸ்திரிப் பெட்டியில் நான் தோற்றேன். ஐந்தாறு கிலோ கரிப்பெட்டி, பித்தளை, மேலே சேவல் மூடி. இந்தப் பேட்டைக்குப் பெயரே துணி வெளுத்தவர்களால் வந்தது, இதை வைத்திருக்க இங்கே ஆளா இல்லை என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "நாங்க கேஸுக்கு மாறி எத்தினி நாளாச்சு நைனா, இத்த தூக்குனா கை போயிடும்" என்று சிரித்துவிட்டார். இப்போது அது எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டு.

புடவை. பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். பாச்சை உருண்டை ஜரிகை மேல் படக் கூடாது. "பழைய பட்டு, ஜரிகை" என்று கூவுகிறவர்கள் தேடுவது துணியை இல்லை, வெள்ளியை. அசல் ஜரிகை என்பது வெள்ளி இழையில் தங்க முலாம். அதனால் அவர்கள் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், சவுகார்பேட்டை, தங்கசாலைப் பக்கம் இரண்டு இடத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். உடல் நைந்து பார்டர் நன்றாக இருந்தால் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். ஆனால் வீட்டிலேயே விலைமதிக்க முடியாதது பட்டு இல்லை, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய பருத்திப் புடவை. பிறந்த குழந்தையைப் போர்த்த, தூளி கட்ட, அதைவிட நல்ல துணி இல்லை. சொந்தத்தில் யாராவது மாசமாக இருந்தால் நாலு புடவை துவைத்து வெயிலில் உலர்த்திக் கொடுங்கள். பிளாஸ்டிக் குடத்துக்கு அதைப் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

போட்டோ. இதில் மட்டும் ஒரு நாளைக்கு ஒன்று என்ற விதியைத் தளர்த்துங்கள், ஏனென்றால் முகம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உறவில் யார் வயதில் மூத்தவரோ அவரிடம் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். என் அத்தைக்கு 84. காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், ஆனால் 1962ல் எடுத்த படத்தில் பின்வரிசையில் பாதி முகம் தெரியும் ஆளுக்குப் பெயரும் சொல்கிறார், அவர் திருப்பித் தராத கடனும் சொல்கிறார். பின்பக்கம் பென்சிலால், மெதுவாக, ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். ஒட்டிக்கொண்ட ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் போனால் படம் எடுத்துவிடலாம்.

புத்தகம். கிளை நூலகத்தில் முதலில் கேளுங்கள், நல்ல நிலையில் இருந்தால் வாங்குவார்கள், கரையான் அரித்ததை வாங்க மாட்டார்கள். பழைய பத்திரிகை, சிறு பிரசுரம், நோட்டீஸ் போன்றவை இருந்தால் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், நாம் குப்பை என்று நினைப்பது அங்கே ஆவணம். நான் அப்ரென்டிஸாக இருந்த காலத்தில் மூர் மார்க்கெட்டில் எட்டணா, ஒரு ரூபாய் என்று பேரம் பேசி வாங்கின புத்தகங்கள் ஒரு பெட்டி இருந்தன. அந்த மார்க்கெட்டே 1985ல் எரிந்துபோனது, என் பெட்டி மட்டும் தப்பியது. அதில் பத்து மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இதெல்லாம் கொடுக்கச் சொல்லும் நான் யோக்கியன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

டூல்ஸ். ஸ்பேனர், அரம், வைஸ், சுத்தி எல்லாம் எங்கள் பக்கம் கடல் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் பூசித் துணியில் சுற்றுங்கள். இதை மகனுக்கு வைக்காதீர்கள், தொழில் பழகுகிற பையனுக்குக் கொடுங்கள். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான், பல்பு மாற்றவே ஆள் கூப்பிடுகிறான்.

பழைய டிவி. பெரிய டப்பா டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் காரீயம் என்ற விஷ உலோகம் இருக்கிறது. காயலான் கடையில் உள்ளே இருக்கும் செம்புச் சுருளுக்காக அதை உடைப்பார்கள், மிச்சத்தைத் தெருவோரம் போடுவார்கள். அதை மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் தர வேண்டும். சோபா, மெத்தை போன்றவற்றுக்கு சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாயில் தள்ளினால் அடுத்த மழையில் தண்ணீர் நம் வீட்டுக்குத்தான் வரும், முறையாகப் போட்டாலும் நம் பக்கத்துக் குப்பை கொடுங்கையூருக்குத்தான் போகிறது, அதுவும் நம்ம ஊர்தான்.

சாமி படங்கள். கண்ணாடி உடைந்த படத்தை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது நம் வழக்கம், எனக்குப் பிடிக்காத வழக்கம். சட்டத்தைக் கழற்றுங்கள், கண்ணாடி தனி, மரம் தனி, காகிதத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

உண்டியல் காசு. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போய்விட்டன. 50 காசு இன்னும் செல்லும், கடைக்காரர் மூஞ்சியைச் சுளித்தாலும் செல்லும். "பழைய அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று போனில் வருவதெல்லாம் மோசடி, ரிசர்வ் வங்கியே 2021ல் எச்சரித்திருக்கிறது.

காகிதங்களும் சட்டமும்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திரம், தாய்ப் பத்திரம், வரி ரசீது, இவை நாலும் ஒரே பையில், அந்தப் பை எங்கே என்று இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்காரர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கும்போதே அந்தப் பையை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்புக் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருஷம் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வங்கியில் கேட்டு வாங்கலாம். உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், பேரனை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

பாத்திரம், நகை மாதிரி அசையும் பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தாலே தானம் செல்லும், 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. "எனக்கப்புறம் உனக்கு" என்று வாயால் சொல்லி வைப்பதுதான் தகராறு. அப்படித்தான் வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதி நீங்களும், உங்கள் முன்னால் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். சாட்சி போடுகிறவர் அந்த உயிலில் எதுவும் வாங்காதவராக இருந்தால் பின்னால் பேச்சு வராது.

காயலான் கடை

சின்ன வயதில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று வண்டி வரும், நல்ல கரண்டியைக் கொடுத்து நாலு பழம் வாங்கி அடி வாங்கினவன் நான். இப்போது பணம்தான் தருகிறார்கள், புத்தி மட்டும் அதேதான் வேண்டும். போகும் முன் இரண்டு கடையில் கிலோ விலை கேட்டு வையுங்கள். கையில் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரும்பு, அலுமினியம், பித்தளை, செம்பு என்று நீங்களே பிரியுங்கள், கலந்து கொடுத்தால் எல்லாமே இரும்பு விலைதான். பித்தளையில் இரும்புக் கைப்பிடி இருந்தால் கழற்றுங்கள், அவர்கள் கழிக்கிற கணக்கு எப்போதும் அவர்கள் பக்கம்தான் சாயும். பீரோ விற்பதாக இருந்தால் லாக்கருக்குள் கைவிட்டுத் துழாவுங்கள், டிராயரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். எங்கள் பீரோவின் டிராயருக்குப் பின்னால் என் தங்கையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருந்தது, அதற்காக 1981ல் வீடே அழுதது.

இடம் கிடைத்த பிறகு

ஒன்றரை வருஷம் ஆனது. பின்னறையில் இப்போது ஒரு சாய்வு நாற்காலியும் கேரம் போர்டும் மட்டும்தான். அறை காலியானதும் உடனே மகன் ஒரு டிரெட்மில் வாங்கித் தரட்டுமா என்றான், அதுவும் பரணுக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டேன். சாயந்தரம் ஐந்து மணிக்கு என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் வருவார்கள், போரிக் பவுடர் தூவி ஏழு மணிவரை ஆட்டம், பந்தயம் தெருமுனை டீ. மாதம் ஒருமுறை பேரன் வந்தால் ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் 1856ல் திறந்தது என்று காட்டுவேன், அவனுக்கு அதில் அக்கறை இல்லை, திரும்பும்போது பாரிஸ் கார்னர் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டு கேட்பான்.

ஈயச்சொம்புக் கதை அங்கேயே முடியவில்லை. உருகினதை மருமகள் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள், அடுத்த முறை வந்தபோது தயங்கிக்கொண்டே கொடுத்தாள். வீட்டிலிருந்த இன்னொரு பித்தளைத் தவலைக்கு ஈயம் பூச ஆள் வந்தபோது அந்தக் கட்டியை எடுத்துக் காட்டினேன். விரலால் வளைத்துப் பார்த்து, காதுகிட்ட வைத்து, "சுத்தமான வெள்ளீயம் சார், வளைச்சா கிறீச்சுங்குது பாருங்க, இப்ப வர்றதுல காரீயம் கலந்துடறானுங்க" என்றார். அதையே உருக்கி அந்தத் தவலைக்குப் பூசினோம், தவலை மருமகளுக்குப் போனது, நோட்டுப் பக்கத்தோடு. போன வாரம் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன்.

"மாமா, இதுக்கும் முதல்ல தண்ணி, அப்புறம்தானே அடுப்பு?"

"ஆமாம்மா" என்றேன். பின்னால் கேஸ் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.